பெயர்ந்த விழாக்கள்: மியூனிக் அக்டோபர் விழாவும் லஷ்கர் போனாலும்

முன்னுரை

தமிழ் மரபில் விழாவும் ஊரும் பிரிக்க இயலாதவை. இந்திர விழாவை எடுக்க மறந்தமையால் புகார் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகின்றது. விழா நின்றால் ஊர் அழியும் என்னும் இந்நம்பிக்கை, ஓர் ஊருக்கு உரிய விழா அந்த ஊரிலேயே நிகழவேண்டும் என்னும் எண்ணத்தையும் உள்ளடக்கியது. அவ்வாறாயின், ஒரு விழா தான் பிறந்த ஊரை விட்டு வேற்றூருக்குச் செல்லும்போது அதனை எவ்வாறு மதிப்பிடுவது? அது மூலவிழாவின் போலியா? புலம்பெயர்ந்தோரின் ஊர் ஏக்கமா? அல்லது தனக்கென வேர் கொண்ட புதிய விழாவா?

இவ்வினாக்களுக்கு விடை காண இரண்டு விழாக்கள் இக்கட்டுரையில் ஒப்பிடப்படுகின்றன. ஒன்று, செருமனியின் மியூனிக் நகரில் தோன்றி உலகின் பல நகரங்களுக்குப் பரவிய பீர் விழாவாகிய அக்டோபர் விழா. மற்றொன்று, ஐதராபாத்தின் இரட்டை நகரமான செகந்திராபாத்திலும் அதன் வடபுறத்து அல்வால், பொலாரம் பகுதிகளிலும் கொண்டாடப்பெறும் போனாலு. முன்னது உலகியல் களியாட்டம், பின்னது வழிபாடு. இவ்வேறுபாட்டை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. இடம்பெயரும் விழாவில் எது பயணம் செய்கின்றது, எது தங்கிவிடுகின்றது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

மியூனிக் விழாவின் தோற்றமும் வளர்ச்சியும்

பவேரியா 1806ஆம் ஆண்டில் முடியரசாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 1810 அக்டோபர் 12ஆம் நாள், பட்டத்து இளவரசர் லுட்விக் இளவரசி தெரேசாவை மணந்தார். திருமணக் கொண்டாட்டத்தின் நிறைவாக அக்டோபர் 17ஆம் நாள் மியூனிக் நகர மதிலுக்கு வெளியே இருந்த புல்வெளியில் குதிரைப் பந்தயம் நடைபெற்றது. மணமகளின் பெயரால் அவ்விடம் ‘தெரேசாவின் புல்வெளி’ எனப் பொருள்படும் ‘தெரேசியன்வீஸ’ என்று வழங்கலாயிற்று. விழாவின் தொடக்கம் பீர் அன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பல்வேறு பகுதிகளை இணைத்து உருவான புதிய அரசின் குடிகளை ஒரே களத்தில் கூட்டும் அரச விழாவாகவே அது தோன்றியது. 1811ஆம் ஆண்டில் வேளாண் கண்காட்சி சேர்ந்தது. 1818இல் ஊஞ்சல்களும் சுழல் இராட்டினமும் வந்தன. சிறு கடைகளில் விற்கப்பட்ட பீர் மெல்ல மெல்ல முதன்மை பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிறு கடைகளின் இடத்தைப் பெரும் பந்தல்கள் பிடித்தன. வானிலை கருதி 1872 முதல் விழாவின் தொடக்கம் செப்டம்பர் மாதத்திற்கு மாற்றப்பட்டது. பெயரில் மட்டும் அக்டோபர் நின்றது.

இன்று அவ்விழாப் பந்தல்களில் மியூனிக் நகரின் ஆறு மதுவாலைகள் வடிக்கும் பீர் மட்டுமே வழங்கப்பெறும். ஒரு லிட்டர் கொள்ளும் குவளையே அளவு. 1950 முதல் நகரத் தலைவர் முதல் மிடாவைத் திறந்து விழாவைத் தொடங்கிவைக்கும் வழக்கம் நிலவுகின்றது. 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ 72 இலட்சம் பேர் இவ்விழாவிற்கு வந்தனர்.

இவ்விழா நின்ற ஆண்டுகள் அதன் தன்மையை விளக்கவல்லன. போர்க்காலங்களிலும் கொள்ளைநோய்க் காலங்களிலும் விழா கைவிடப்பட்டது. 1854, 1873 ஆகிய ஆண்டுகளில் காலரா நோயால் விழா நடைபெறவில்லை. எந்த இளவரசியின் திருமணத்தால் விழா பிறந்ததோ அந்தத் தெரேசா, அரசியாக வாழ்ந்து, 1854 அக்டோபர் மாதத்தில் மியூனிக்கில் அதே காலராவிற்கு இரையானார். கொரோனா பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விழா இல்லை. நோய் வந்தால் மியூனிக் தன் விழாவை நிறுத்துகின்றது. லஷ்கர் போனாலு, இதற்கு நேர்மாறாக, நோயினால் பிறந்தது என்பதைப் பின்னர்க் காணலாம்.

கடல் கடந்த அக்டோபர் விழா

பிரேசில் நாட்டின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் உள்ள புளூமெனாவ், 1850ஆம் ஆண்டில் எர்மான் புளூமெனாவ் என்னும் செருமானியரின் முயற்சியால் உருவான குடியேற்ற நகரம். குடியேறியவர்கள் தங்கள் மொழியையும் பள்ளிகளையும் பல தலைமுறைகள் காத்துவந்தனர். 1930களின் இறுதியில் பிரேசில் அரசு மேற்கொண்ட தேசியமயக் கொள்கையால் பள்ளிகளிலும் பொதுவிடங்களிலும் செருமன் மொழி ஒடுக்கப்பட்டது. அந்நகரில் அக்டோபர் விழா தொடங்கியதோ 1984ஆம் ஆண்டில். அதாவது குடியேற்றம் நிகழ்ந்து 134 ஆண்டுகளுக்குப் பின்னர். 1983இலும் 1984இலும் இத்தஜாய் ஆற்றில் பெருவெள்ளம் வந்து நகரைச் சூறையாடியது. சோர்ந்த மக்களுக்கு ஊக்கமும் நகருக்கு வருவாயும் தேடும் வழியாக அவ்வாண்டு அக்டோபரில் விழா எடுக்கப்பட்டது. ஊர் ஏக்கமே காரணமெனின் முதல் தலைமுறையே அவ்விழாவைத் தொடங்கியிருக்க வேண்டும். மியூனிக்கைக் கண்ணால் கண்டிராத பேரன்மார் காலத்தில், வெள்ளம் வடிந்த சேற்றின் மேல் அவ்விழா பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

கனடாவின் கிச்சனர் நகரமும் இவ்வகையில் ஒப்புநோக்கத்தக்கது. செருமானியர் மிகுதியாக வாழ்ந்த அந்நகரின் பழைய பெயர் பெர்லின். முதல் உலகப் போரின்போது எழுந்த வெறுப்பினால் 1916இல் அப்பெயர் நீக்கப்பட்டு, பிரித்தானியப் படைத்தலைவர் ஒருவரின் பெயர் சூட்டப்பட்டது. அந்நகரில் அக்டோபர் விழா தொடங்கிய ஆண்டு 1969. ஊர்ப்பெயரை இழந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், விழாவின் பெயரால் செருமானிய அடையாளம் வெளிப்படையாகத் திரும்பியது.

சீனாவின் சிங்தாவ் மற்றொரு வகை. அது 1898 முதல் 1914 வரை செருமனியின் குத்தகைப் பகுதியாக இருந்தது. அங்கு 1903இல் நிறுவப்பட்ட மதுவாலை செருமானியர் வெளியேறிய பின்னரும் நிலைத்தது. 1991 முதல் அந்நகரம் தன் பீர் விழாவைக் கோடைக்காலத்தில் நடத்திவருகின்றது. அக்டோபர் என்னும் பெயரும் அங்கில்லை. விழா முழுமையாகச் சீனருடையதாகிவிட்டது.

மூலவூர் இப்பரவலை எப்போதும் மகிழ்வோடு ஏற்பதில்லை. 2021ஆம் ஆண்டில் துபாயில் ஓர் அக்டோபர் விழாவை நடத்தத் திட்டமிட்டவர்கள், மியூனிக் விழாவே துபாய்க்குச் செல்கின்றது எனத் தோன்றுமாறு விளம்பரம் செய்தனர். மியூனிக் நகராட்சி வழக்குத் தொடுத்தது. அவ்விளம்பரத்திற்கு மியூனிக் நீதிமன்றம் தடை விதித்தது. விழாவின் பெயர் யாருக்கு உரியது என்னும் வினா இவ்வாறு நீதிமன்றம் வரை சென்றது. புளூமெனாவ் மீது எழாத வழக்கு துபாய் விளம்பரத்தின் மீது எழுந்தமைக்குச் சட்ட நுணுக்கங்கள் உண்டு. எனினும், ஊரோடு ஒட்டிய விழாவிற்கும் விலைக்குக் கொணரும் விழாவிற்கும் இடையிலான வேறுபாட்டை உணர்த்துவதற்கு இந்நிகழ்ச்சி பயன்படும்.

படைப்பாளையமும் அல்வாலும்

பவேரியா முடியரசான அதே 1806ஆம் ஆண்டில்தான் ஐதராபாத்திற்கு வடக்கே அமைந்த ஆங்கிலேயப் படைப்பாளையம், மூன்றாம் நிசாம் சிக்கந்தர் சாவின் பெயரால் செகந்திராபாத் எனப் பெயர் பெற்றது. நிசாமுடன் 1798, 1800 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட துணைப்படை உடன்படிக்கைகளின்படி அங்கு நிறுத்தப்பட்ட படை சென்னை மாகாணப் படையைச் சார்ந்தது. படைவீரர்களுடன் ஏவலர், சுமைதூக்குவோர், கைவினைஞர், வணிகர் எனப் பலரும் தமிழ்நிலத்திலிருந்து வந்து குடியேறினர். படையைக் குறிக்கும் ‘லஷ்கர்’ என்னும் சொல்லே மக்கள் வழக்கில் ஊரின் பெயராயிற்று.

பாளையம் வடக்கு நோக்கி விரிந்தது. திருமலகிரியில் காப்பரண் எழுந்தது. ஐதராபாத் கண்டின்ஜென்ட் என்னும் நிசாமின் படைப்பிரிவு பொலாரத்தில் தங்கியது. ஆங்கிலேய ரெசிடெண்டுக்காக 1860இல் பொலாரத்தில் கட்டப்பெற்ற மாளிகையே இன்று குடியரசுத் தலைவரின் தென்னக இல்லமாக விளங்குகின்றது. திருமலகிரிக்கும் பொலாரத்திற்கும் இடையே கரீம்நகர்ச் சாலையில் அமைந்துள்ள அல்வால் தனி நகராட்சியாக இருந்து, 2007இல் பெருநகர ஐதராபாத் மாநகராட்சியில் இணைக்கப்பட்டது. தெலுங்கு, உருது, தமிழ் ஆகிய மொழிகள் அன்றாடம் கலந்து ஒலிக்கும் பாளைய எல்லைப் பகுதி அது. விழாக்கள் கைமாறுவதற்கு உகந்த களம் இத்தகைய எல்லைப் பகுதியே எனலாம்.

லஷ்கர் போனாலு

செகந்திராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயிலின் தோற்றம் பற்றிய மரபுச் செய்தி பின்வருமாறு. 1813ஆம் ஆண்டில் நகரில் காலரா பரவிப் பலர் மாண்டனர். அக்காலத்தில் சுரிட்டி அப்பையா என்னும் டோலி தூக்கும் படைப்பணியாளர் தம் படைப்பிரிவுடன் உஜ்ஜயினிக்கு மாற்றப்பட்டிருந்தார். ஊரில் நோய் தணிந்தால் தேவியின் திருவுருவைத் தம் ஊரில் நிறுவுவதாக அவர் உஜ்ஜயினி மகாகாளியிடம் நேர்ந்துகொண்டார். நோய் தணிந்தது, 1815இல் திரும்பிவந்து மரத்தாலான திருவுருவை நிறுவினார். 1864இல் கற்சிலை அமைக்கப்பட்டது.

காலரா உலகப் பெருந்தொற்றாக வங்கத்திலிருந்து பரவத் தொடங்கிய ஆண்டு 1817 என்று மருத்துவ வரலாறு கூறும். கோயில் மரபு கூறும் ஆண்டு அதற்கு முற்பட்டது. ஆயினும் அந்நோய் அதற்கு முன்னரே இந்திய நிலத்தில் ஆங்காங்கே தோன்றிவந்தது. மேலும், ஊர்மரபு காக்க விரும்பியது நோயின் மருத்துவப் பெயரையன்று. ஊர் பட்ட துயரையும் ஒருவர் அளித்த வாக்கையும் ஆகும்.

இங்கு உற்றுநோக்க வேண்டியது பயணத்தின் திசை. புளூமெனாவில் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் தம் மூலநாட்டு விழாவை அயலூரில் எடுத்தனர். அப்பையாவோ, தாம் பணிபுரியச் சென்ற அயலூரின் தெய்வத்தைத் தம் ஊருக்குக் கொணர்ந்தார். அதனினும் முதன்மையானது, அவர் கொணர்ந்தது தெய்வத்தையும் அதன் பெயரையும் மட்டுமே என்பதாகும். வழிபாட்டு முறை உஜ்ஜயினியிலிருந்து வரவில்லை. ஆஷாட மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் சோற்றுக் கலத்திற்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, வேப்பிலை கட்டி, மேலே விளக்கேற்றித் தலையில் சுமந்து சென்று தேவிக்குப் படைப்பது தெலுங்கானா மண்ணின் வழக்கம். தேவியின் உடன்பிறந்தானாகிய போத்தராசு உடலெங்கும் மஞ்சள் பூசிச் சாட்டையுடன் ஆடுவதும், மறுநாள் ‘ரங்கம்’ என்னும் குறிசொல்லும் நிகழ்ச்சியும் அம்மண்ணுக்கே உரியவை. கோல்கொண்டாவில் தொடங்கி, செகந்திராபாத், பழைய நகரத்து லால் தர்வாசா என விழா படிப்படியாக நகரெங்கும் நிகழ்கின்றது. அல்வால், பொலாரம் பகுதிகளின் ஊரம்மன் கோயில்களிலும் ஆஷாட ஞாயிறுகளில் போனம் எடுக்கப்படுகின்றது. 2014இல் தெலுங்கானா மாநிலம் உருவானபோது போனாலு அரசு விழாவாக அறிவிக்கப்பட்டது. மியூனிக் தன் விழாவைக் கைவிட்ட 2020ஆம் ஆண்டில் போனாலு முற்றிலும் நிறுத்தப்படவில்லை. மக்கள் கூட்டம் விலக்கப்பட்டு, கோயிலுக்குள்ளும் வீடுகளிலும் எளிய முறையில் நிகழ்ந்தது.

‘போனம்’ என்னும் சொல் உணவைக் குறிக்கும் ‘போஜனம்’ என்னும் வடசொல்லின் திரிபு என்பர். தமிழிலும் ‘போனகம்’ என்னும் சொல் உண்டு. இறைவனுக்குப் படைக்கும் உணவைச் சோழர் கல்வெட்டுகள் ‘திருப்போனகம்’ எனக் குறிக்கின்றன. ஆடித் திங்களில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் வழக்கமுடைய தமிழ்க் குடியினருக்குப் போனக்கலம் முற்றிலும் அயலாகத் தோன்றியிருக்க இயலாது. தெலுங்கர் ஆஷாடம் சந்திரனின் இயக்கத்தையும் தமிழர் ஆடி கதிரவனின் இயக்கத்தையும் பின்பற்றுவதால் அவை முழுதும் ஒன்றுவதில்லை. ஆயினும், மழைக்காலத் தொடக்கத்தில் நோய்க்கு அஞ்சித் தாய்த்தெய்வத்திற்கு வேப்பிலையும் சோறும் படைக்கும் மனநிலை இரு வழக்கங்களுக்கும் பொதுவாகும்.

கள்ளும் படையலும்

பீர் விழாவையும் போனாலுவையும் ஒப்பிடுகையில் மதுவின் இடம் தனியே ஆராயத்தக்கது. தெலுங்கானா ஊரம்மன் வழிபாட்டில் கள்ளும் படையற்பொருளாகும். வேப்பிலையும் மஞ்சளும் கலந்த நீரையோ கள்ளையோ தெய்வத்தின் முன் வார்ப்பதைச் ‘சாக’ என்பர். தமிழ் இலக்கியத்திற்கும் இது புதிதன்று. நடுகல்லாகிய அதியமான் நெடுமான் அஞ்சிக்குச் சிறுகலத்தில் கள் உகுப்பதை ஔவையார் பாடியுள்ளார். உயிரோடிருந்தபோது நாடு கொடுத்தாலும் கொள்ளாதவன் இச்சிறு கள்ளைக் கொள்வானோ என அவர் இரங்குவது புறநானூற்றின் 232ஆம் பாடலில் அமைந்துள்ளது.

தானியத்திலிருந்து மது வடிக்கும் முறையும் தமிழர்க்குத் தெரிந்திருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆறவிட்டு, ‘நல்லடை’ சேர்த்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து விளையச் செய்யும் முறையை விரித்துரைக்கின்றார். நல்லடை என்பதனை நெல்முளையோடு இணைத்துப் பொருள் கொள்வதுண்டு. அவ்வுரை கொள்ளப்படுமாயின், வாற்கோதுமையை முளைக்கவைத்துப் பீர் வடிக்கும் செருமானியர் முறைக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. முளைத்த தானியம் மாவுப்பொருளை இனிப்பாக்க, அவ்வினிப்பு நொதித்து மதுவாகின்றது. மற்றொரு புறம், யவனர் கொணர்ந்த நறுமணத் தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகியதை நக்கீரர் பாடுகின்றார் (புறம். 56). உள்ளூரில் விளைந்த மதுவும் அயலகத்திலிருந்து கலமேறி வந்த மதுவும் தமிழகத்தில் ஒருங்கே வழங்கின. முன்னது இல்லத்தில் விருந்தாயிற்று. பின்னது அரசனின் செல்வத்திற்கு அடையாளமாயிற்று. இன்று ஐதராபாத், பெங்களூரு போன்ற நகரங்களின் விடுதிகளில் அக்டோபர் விழா என்னும் பெயரில் நிகழும் விருந்துகள் இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை எனலாம். அவற்றில் மதுவும் பாட்டும் உடையும் உண்டு. ஊரின் துயரோ வாக்கோ இல்லை.

பெயரும் பொருளும்: சிலப்பதிகாரச் சான்று

பெயர்ந்த விழாவிற்குத் தமிழில் கிடைக்கும் பழஞ்சான்று சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை. பாண்டிய நாட்டில் மழையின்றி வறுமையும் நோயும் மிகுந்தபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்கு விழா எடுத்தான், மழை பொழிந்தது. அது கேட்டுக் கொங்கிளங்கோசரும், இலங்கைக் கயவாகுவும், சோழன் பெருநற்கிள்ளியும் தத்தம் நாடுகளில் விழா எடுத்தனர். கயவாகு விழா எடுத்தது ஆடித் திங்களில் என்று அப்பகுதி குறிப்பிடுகின்றது. சேரன் செங்குட்டுவன் எடுத்த பத்தினி விழாவிற்கு வந்தோருள் மாளுவ வேந்தரும் இருந்ததாக வஞ்சிக்காண்டம் கூறும். மாளவத்தின் புகழ்பெற்ற நகரமே உஜ்ஜயினி. இவ்விரு செய்திகளுக்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டெனக் கூறுவதற்கில்லை. ஆனால், நோய்க்கு அஞ்சிய ஊர் அயல்நிலத் தாய்த்தெய்வத்தை வரவேற்கும் முறை, கண்ணகி வழிபாட்டிலும் லஷ்கர் போனாலுவிலும் ஒத்திருப்பது தெளிவு.

கண்ணகி வழிபாட்டின் பிற்கால நிலையும் இதனை வலியுறுத்தும். சிங்களரிடையே பத்தினி தெய்யோ எனப் போற்றப்படும் அத்தெய்வத்திற்குக் கம்மடுவ என்னும் சடங்கு நிகழ்கின்றது. மட்டக்களப்புத் தமிழரிடையே வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி நடைபெறுகின்றது. தெய்வத்தின் பெயர் நிலைத்தது. மாதமும் சடங்கும் படையலும் அந்தந்த நிலத்தினவாயின.

மேற்கூறிய சான்றுகளைத் தொகுத்து நோக்கின் ஒரு பொதுமை புலப்படுகின்றது. பயணம் செய்வது பெயர்; தங்கும் இடத்தில் விளைவது கலத்தில் உள்ள பொருள். மகாகாளியின் பெயர் மாளவத்திலிருந்து வந்தது, போனச்சோறு தெலுங்கானாவினது. விழாவின் பெயர் மியூனிக்கினது. புளூமெனாவில் அதனை ஏற்றவர்கள் வெள்ளத்தில் நனைந்த பிரேசில் மக்கள். சிங்தாவில் பெயரும் உதிர்ந்து, உள்ளூரில் வடித்த பீர் மட்டும் எஞ்சியது. மூலவூராகிய மியூனிக்கோ பொருளையும் பெயரையும் ஒருங்கே காக்கின்றது. பொருளைத் தன் ஆறு மதுவாலைகளாலும் பெயரைச் சட்டத்தாலும் வேலியிட்டுள்ளது.

இதற்கு ஒரு மறுப்பும் எழலாம். புளூமெனாவ் விழா சுற்றுலா வருவாயையும் கருதியது. அவ்வாறிருக்க அதனை விடுதி விருந்திலிருந்து வேறுபடுத்துவது எங்ஙனம் என வினவலாம். வருவாய் நோக்கம் வேர் கொள்வதற்குத் தடையன்று. மியூனிக் விழாவிலும் அந்நோக்கம் உண்டு. போனாலு நாளிலும் வணிகம் உண்டு. வேறுபாடு, விழா யாருடைய தேவைக்கு விடையளிக்கின்றது என்பதில் உள்ளது. புளூமெனாவில் வருவாய் தேடியது வெள்ளத்தில் இழந்த ஊர். விடுதி விருந்தில் வருவாய் தேடுவது விடுதி மட்டுமே.

முடிவுரை

பெயர்ந்த விழாக்களைப் போலி எனத் தள்ளுவதும், அனைத்தையும் ஊர் ஏக்கம் என ஒரே சொல்லில் அடக்குவதும் பொருந்தா. முதல் தலைமுறையின் ஏக்கம் எடுக்காத விழாவை 134 ஆண்டுகளுக்குப் பின் ஒரு வெள்ளம் எடுக்கச் செய்தது. உஜ்ஜயினியில் பிறவாத ஒரு டோலி தூக்கும் பணியாளர் அத்தெய்வத்தைத் தம் ஊரின் நோய்க்கு மருந்தாகக் கொணர்ந்தார். புதிய ஊரின் துயர் ஒன்றை ஏற்றுக்கொண்ட விழா அந்த ஊரின் உணவையும் ஏற்று, ஓரிரு தலைமுறைகளில் அந்த ஊருக்கே உரியதாகின்றது.

இவ்வளவுகோல் தமிழாய்வுக்கும் பயன்படுவது. அல்வால் முதல் அயல்நாடுகள் வரை தமிழர் குடியேறிய ஊர்களில் எடுக்கப்பெறும் ஆடிக் கூழ், தைப்பூசம், தீமிதி ஆகியவற்றை ஆராய்வோர், அவை தாயக வழக்கத்திற்கு எவ்வளவு நெருங்கியுள்ளன என்று அளப்பதோடு நிறுத்துதல் கூடாது. அவ்வூரின் எந்தத் தேவைக்கு அவ்விழா விடையளித்தது, படையற்கலத்தில் உள்ளூரின் எப்பொருள் புகுந்தது, அயலார் எவர் அதனைத் தமதாக ஏற்றனர் என்பனவற்றையும் வினவுதல் வேண்டும். கொற்கையில் பெய்த மழையைக் கேட்டுப் பிற நாட்டார் விழா எடுத்த செய்தியைக் காப்பியத்தின் முகப்பிலேயே வைத்த மரபுக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல.